அன்னார் விட்ட பெயர்

வெள்ளவத்தையில் நவரத்தினம் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில், அவர் நிற்கிற லிப்டில் வயதுபோன ஆட்கள் ஏறமாட்டார்கள். கதவு திறக்கும், உள்ளே நவரத்தினம் சிரித்த முகத்தோடு நிற்பார், வெளியே நின்ற ஓய்வுபெற்ற தபாலதிபர், "நீங்கள் போங்கோ, நான் படியால வாறன்" என்பார். அவருக்கு முழங்கால் நோ, வீடு ஐந்தாம் மாடி. நவரத்தினமோ சும்மா இருக்காமல், "நெஞ்சு கவனம் ஐயா" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்புவார். சொல்லலாமா அதை? தபாலதிபர் படியில் நின்று திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் ஏலாது.

நவரத்தினம் கெட்ட மனிதரல்லர். ஒருவருக்கும் ஒரு தீங்கும் நினைத்தறியாதவர். அவர் செய்த குற்றம் ஒன்றேயொன்று. மரண அறிவித்தல் எழுதுகிற செயலி ஒன்றைச் செய்து, அறிவித்தலில் செத்தவரைச் சொல்லுகிற "அன்னார்" என்ற சொல்லையே அதற்குப் பெயராகவும் வைத்து, வெள்ளவத்தை முழுக்கச் சொல்லியும் திரிந்தார். அன்று தொடக்கம், மாலையில் கடற்கரை வீதியில் நடக்கப் போனாலும் அவருக்கு முன்னும் பின்னும் வீதி வெறிச்சென்று கிடக்கும். "எப்பிடிச் சுகம்?" என்று அவர் கேட்டால் கேட்கப்பட்டவருக்கு முகம் கறுக்கும்.

அதற்கு முன்பு அவர் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் நட்டஈட்டுக் கவுண்டரில் இருந்தவர். காசு கிடைக்காது என்று சொல்லுகிற கவுண்டர் அது. சனம் வந்து மேசையில் அடித்துப் பேசும், நவரத்தினம் கேட்டுக்கொண்டிருப்பார், கடைசியில் "மிகவும் வருந்துகிறோம்" என்பார். வாழ்நாளின் நல்ல பகுதி இப்படியே போயிற்று. பிறகு கொம்பனி அந்த வருத்தத்தையும் கணினியிடம் கொடுத்துவிட்டு, அவரை வயதுக்கு முன்னதாகவே பூமாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. மகள் சிட்னியில் படிக்கிறாள். மனைவி ஜெகதீஸ்வரி பாடசாலைக்குப் போய்விடுவார். வீட்டில் நவரத்தினமும் மின்விசிறியும்தான்.

அந்த நாட்களில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் என்பது சின்ன விசயமில்லை. எங்கே பிறந்தார், எங்கே இருந்தார், காலஞ்சென்ற இன்னார் தம்பதியினரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், கனடாவில் இருக்கிற இன்னாரின் அருமைச் சகோதரர் என்று ஊர் உலகத்தில் உள்ள உறவெல்லாம் வரிசையில் வந்து நிற்கவேண்டும். மூத்தவருக்கு முன்னால் இளையவர் வரக்கூடாது. ஒரு மருமகனுக்கு "அன்பு" போட்டால் மற்றவருக்கும் போடவேண்டும். செத்தவருக்கு அழுகிறதை விட்டுவிட்டு, அறிவித்தலில் தன் பெயர் எங்கே என்று தேடுகிற சனம் நாங்கள். இந்தத் தலையிடியைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டால் என்ன என்று நவரத்தினம் நினைத்தார்.

கல்கிசையில் கணினி வேலை செய்கிற டிலான் என்ற இளைஞன் அதைச் செய்து கொடுத்தான். பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்கும். கேட்டு முடிந்ததும், எல்லாரும் பாவிக்கிற அந்த சாட்பாட்டிடம் பின்பக்கத்தால் அனுப்பும். வருகிறதை வாங்கிக் கறுப்புக் கரை போட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான். டிலான் கள்ளமில்லாத பொடியன். "அங்கிள், உண்மையச் சொன்னா உள்ளுக்கு இருக்கிறது முழுக்க அவங்கட மூளை. நாங்க போட்டது உறை மட்டும்தான்" என்றான்.

"உறை எண்டாலும் எங்கட உறை" என்றார் நவரத்தினம்.

ஜெகதீஸ்வரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு ரீச்சர். சுற்றி வளைக்கத் தெரியாது. ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும், தன் போனை எடுத்து, அந்த சாட்பாட்டையே நேராகத் திறந்து எதையோ தட்டினார். பிறகு போனைக் கணவரிடம் நீட்டினார். நவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெள்ளவத்தையை வதிவிடமாகக் கொண்ட நவரத்தினம் அவர்கள் நேற்றுக் காலமானார் என்று இருந்தது.

"இதென்ன இது?"

"சும்மா சோதிச்சுப் பாத்தனான். வாசியுங்கோ."

நவரத்தினம் தன் சாவைத் தானே படித்தார். ஜெகதீஸ்வரியின் ஆருயிர்க் கணவராம். அமைதியே உருவானவராம். அந்த வரியை அவர் இரண்டாம் தரமும் படித்தார். சமூகத்துக்குத் தன்னலமற்றுச் சேவையாற்றியவராம். ஆருஷ் என்ற பேரனின் பாசமிகு பாட்டனாராம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார், மனமில்லாமல்.

"பெட்டைக்கு இன்னும் கலியாணமே பேசேல்லை. அது எனக்குப் பேரப்பிள்ளையும் தந்திட்டுது" என்றார் ஜெகதீஸ்வரி. "பெயரைக் கூட்டினாலும் குறைக்கேல்லை. அதைப் பரவாயில்லை எண்டு விடலாம். ஆனா நான் ஒண்டு கேக்கிறன். இது ஓசியில கிடக்கு. உங்கட "அன்னார்" அப்புக்குக் காசு குடுக்கவேணும். உங்கட அப்பில அப்பிடி என்ன கிடக்கு?"

நவரத்தினம் தன் செயலியில் அதே விபரத்தைப் போட்டுக் காட்டினார். அதே அறிவித்தல் வந்தது. அதே அமைதி. அதே ஆருஷ். கறுப்புக் கரை மட்டும் கூடுதலாக இருந்தது. மறுநாளே டிலானைப் பிடித்து, கொடுக்காத பெயரைப் போடாதபடி செய்வித்தார் என்பது உண்மைதான். என்றாலும் அன்று இரவு மனிசிக்கு அந்தக் கறுப்புக் கரையைத்தான் திரும்பவும் காட்டினார்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும், ஜெகதீஸ்வரிக்கு ஒரு தமையன் இல்லாவிட்டால். சவுந்தரநாயகம் என்று பெயர். கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை. பைப், பெயின்ற், ஆணி, சீமெந்து. பெரிய கடை, அதைவிடப் பெரிய குரல். கடையில் காசு வாங்குகிற கஷியர் பிள்ளை கலியாணம் கட்டிப் போகிறாள். அந்தக் கதிரைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். "மச்சான் சும்மாதானே இருக்கிறார், வந்து இருக்கட்டும்" என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். நவரத்தினத்துக்கு அந்தக் கதிரை வேண்டவே வேண்டாம். வேலை கஷ்டமென்று இல்லை. வருகிற வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் சவுந்தரநாயகம், "இவர் என்ர தங்கச்சியின்ர அவர். வேலை இல்லாமல் இருந்தவர், நான்தான் கூப்பிட்டு இருத்தினனான்" என்று சொல்லுவார். சொல்லாமல் விடமாட்டார். அந்த வசனம் நவரத்தினத்துக்கு இப்போதே காதில் கேட்டது.

கடைசியில் கணவனும் மனைவியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கஷியர் பிள்ளை போவதற்கிடையில், சொந்தக்காரர் அல்லாத பிறத்தி ஆள் ஒருவர், ஓசியில் கிடைப்பதைத் தெரிந்துகொண்டும் "அன்னார்"தான் வேண்டும் என்று தேடி வரவேண்டும். வந்தால் அது வேலை. வராவிட்டால் அது விளையாட்டு, நவரத்தினம் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும்.

ஒருவரும் வரவில்லை. வெள்ளவத்தையில் அந்த மாதம் ஒருவரும் சாகவில்லை என்றில்லை. செத்தவர்களின் பிள்ளைகள் ஓசியில் எழுதிக்கொண்டார்கள். நவரத்தினம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். எல்லோரும் அமைதியே உருவானவர்களாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சந்தையில் மீன்காரனோடு அடிபட்டுப் பொலிசுக்குப் போனவர்.

அப்படியிருக்க, ஒரு காலையில் ஜெகதீஸ்வரியின் சின்னம்மா காலமானார். கலியாணம் கட்டாதவர், அதிபராக இருந்து இளைப்பாறியவர், தொண்ணூறைத் தாண்டி, நித்திரையிலேயே போய்விட்டார். தாயில்லாமல் போன ஜெகதீஸ்வரியையும் சகோதரர்களையும் சாப்பாடு தீத்தி வளர்த்தவர் அவர்தான். ஜெகதீஸ்வரி அழுதபடி ஓடிப்போனார். சற்று நேரத்தில் நவரத்தினத்தின் போன் அடித்தது. சவுந்தரநாயகம்.

"மச்சான், உம்மட அதைத் திறவும். அறிவித்தல் போடவேணும்."

நவரத்தினத்துக்கு ஒரு கணம் சந்தோசம் வந்தது. அடுத்த கணம் வெட்கமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு செயலியைத் திறந்தார். சவுந்தரநாயகம் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். பிறந்த இடம், இருந்த இடம், தாய் தகப்பன், காலஞ்சென்ற சகோதரர்கள்.

"பெறாமக்கள்?" என்று கேட்டார் நவரத்தினம். சகோதரியின் பிள்ளைகளை அறிவித்தலில் அப்படித்தான் போடுவது.

"சவுந்தரநாயகம், இலங்கை. ஜெகதீஸ்வரி, இலங்கை. அவ்வளவுதான்."

நவரத்தினத்தின் விரல் நின்றது. "குகநேசன்?"

குகநேசன் கடைசித் தம்பி, பாரிசில் இருக்கிறவர். மூன்று வருசத்துக்கு முன்பு சவுந்தரநாயகத்தின் மகளுடைய கலியாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். மேடையில் படம் எடுக்க ஒவ்வொரு குடும்பமாக மைக்கில் கூப்பிட்டபோது, கடை லொறி ட்ரைவரின் குடும்பத்துக்குப் பிறகுதான் குகநேசனின் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். வேண்டுமென்று செய்ததா, தவறிப்போய் நடந்ததா, கடவுளுக்குத்தான் தெரியும். குகநேசன் படத்துக்கும் ஏறவில்லை, சாப்பிடவும் இல்லை. பாரிசுக்குப் போய், அண்ணன் செத்தாலும் வரமாட்டேன் என்று குடும்பக் குழுவில் எழுதிவிட்டுக் குழுவை விட்டும் போய்விட்டார். அன்று முதல் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"மச்சான், சின்னம்மாவின்ர மடியில வளந்த பிள்ளை" என்றார் நவரத்தினம்.

"நான் சொன்னதை மட்டும் போடும். செத்தது என்ர சின்னம்மா. அப்தான் உம்மட."

நவரத்தினம் பொத்தானை அழுத்தினார். அழுத்தியிருக்கக் கூடாது. அவருக்கும் அது தெரியும். ஆனால் எத்தனை வாரமாக ஒருவரும் தொடாமல் கிடந்த செயலி அது. முதன்முதலாக ஒரு உண்மையான சாவு வந்திருக்கிறது. அறிவித்தல் கறுப்புக் கரையோடு வந்தது. மத்தியானத்துக்குள் அது கனடா, லண்டன், மெல்பேர்ண், பாரிஸ் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

உடலைக் கல்கிசையில் ஒரு மலர்ச்சாலையில் வைத்திருந்தார்கள். நவரத்தினம் பின்னேரம் அங்கே போனபோது ஜெகதீஸ்வரி வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"தம்பி போன் எடுத்தவன். அவன்ர பேர் இல்லையாம். குழறி அழுகிறான். அண்ணையை எடுத்தும் ஏசினவனாம். அண்ணை சொன்னாராம், தான் எல்லாப் பேரும் குடுத்தது, உங்கட அப்தான் விட்டிட்டுது எண்டு."

நவரத்தினம் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும், செயலி தப்பிவிடும்.

"மூண்டு வருசத்துக்குப் பிறகு அண்ணையும் தம்பியும் கதைச்சிருக்கினம்" என்றார் ஜெகதீஸ்வரி, மூக்கைச் சீறிக்கொண்டு. "அண்ணை பேர் குடுத்தவர் எண்டு கேட்டதும் அவன் தணிஞ்சு போனான். பிளேன் ஏறுறானாம்."

நவரத்தினம் வாயை மூடிக்கொண்டார்.

குகநேசன் வந்து சேரும்வரைக்கும் உடலை வைத்திருந்தார்கள். வந்தார். பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து நேரே மலர்ச்சாலைக்கு. சின்னம்மாவின் காலடியில் விழுந்து அழுதார். அழுது முடிந்து எழும்பினவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தமையனைப் பார்க்கவில்லை. நவரத்தினத்தைப் பார்த்தார். கதிரைகளில் இருந்த சனம் எல்லாம் கதையை நிறுத்திவிட்டது. விசிறிக்கொண்டிருந்த பெண்கள்கூட விசிறியை மடியில் வைத்தார்கள்.

"அத்தான்" என்றார் குகநேசன். "என்ர பேரை ஆர் விட்டது? அண்ணை சொன்னதை நான் நம்பத்தான் நினைக்கிறன். ஆனா பிளேனுக்குள்ள யோசிச்சனான். மெசின் எப்பிடி ஒரு ஆளின்ர பேரை மட்டும் பாத்து விடும்? நீங்கள் பொய் சொல்லமாட்டியள். உங்கட வாயால சொல்லுங்கோ."

பெட்டியின் தலைமாட்டில் சவுந்தரநாயகம் நின்றார். அந்தப் பெரிய உடம்பும் பெரிய குரலும் எங்கே போயிற்றோ தெரியவில்லை, முகத்தில் ஈயாடவில்லை. நவரத்தினத்தைப் பார்த்தார். கடைச் சாமானைத் தவறவிட்ட வேலைக்காரப் பொடியன் முதலாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

நவரத்தினத்துக்கு எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. உண்மையைச் சொன்னால் "அன்னார்" மானத்தோடு பிழைக்கும். அண்ணனும் தம்பியும் பிரேதத்துக்கு இரண்டு பக்கத்தில் நின்று கிழிபடுவார்கள். பொய்யைச் சொன்னால், இங்கே இருக்கிற அரை வெள்ளவத்தையின் முன்னால், முதல் உருப்படியிலேயே பெயர் விட்ட செயலி என்று அது செத்துப்போகும். அதற்குப் பிறகு ஒரு பிறத்தி ஆளும் வரப்போவதில்லை. கொட்டாஞ்சேனைதான். அந்தக் கதிரைதான்.

அவர் காப்புறுதிக் கவுண்டரில் நிற்பவர் போல நிமிர்ந்து நின்றார்.

"தம்பி, அண்ணை உம்மட பேரைத்தான் முதல்ல சொன்னவர். நான் தட்டினது அவர் சொன்னபடிதான். என்ர அப்பில பிழை. சில பேருகளை அது விழுங்கிப்போடுது. மிகவும் வருந்துகிறோம்."

கடைசி வார்த்தை பழக்கத்தில் வந்தது. குகநேசன் அவரைக் கொஞ்ச நேரம் ஏசிப் பேசினார். ஊரில் உள்ள எல்லாரும் பார்க்க, சின்னம்மாவின் முன்னால், நல்ல பேச்சு. இப்படி ஒரு சாமானைச் சனத்துக்கு விற்கலாமா, வெட்கமில்லையா, ஓசியில் இருக்கிறதை விட்டுவிட்டு இந்தக் கூத்து எதற்கு என்றார். நவரத்தினம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். பேசிக் களைத்ததும் குகநேசன் திரும்பித் தமையனைக் கட்டிப்பிடித்தார். சவுந்தரநாயகம் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை சின்னம்மாவுக்கு மட்டுமில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்த பிறகு, ஜெகதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எதிரே இருந்தார்.

"பேரை விட்டது ஆர்?"

"அப்" என்றார் நவரத்தினம்.

"அது பேர் கூட்டுற சாமான். விடுற சாமான் இல்லை. உங்களுக்கு முன்னாலயே அதைச் சோதிச்சனான்."

நவரத்தினம் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். அது ஆறியே இருந்தது.

"அண்ணைதானே" என்றார் ஜெகதீஸ்வரி. நவரத்தினம் இன்னொரு தரம் ஊதினார். ஜெகதீஸ்வரி அதோடு எழும்பினார். உள்ளே போய், நாளைக்குக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகச் சேட் ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைத்தார். கஷியர் பிள்ளையும் போய்விட்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், கணக்கு ரீச்சர் அல்லவா. ஆனால் மினுக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இப்படியாக நவரத்தினம் கொட்டாஞ்சேனைக்குப் போனார். காலி வீதியில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். கதிரை அவர் பயந்தபடியே இருந்தது. விசிறியின் காற்று மற்ற எல்லாருக்கும் போயிற்று. ஒன்று மட்டும் அவர் பயந்தபடி நடக்கவில்லை. வாடிக்கைக்காரர் வந்து "இவர் ஆர் புதுசா?" என்று கேட்டபோது சவுந்தரநாயகம், "மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாள் முழுக்க அவர் நவரத்தினத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, கடையில் ஆட்கள் இல்லாத மத்தியான நேரம், நவரத்தினத்தின் போன் அடித்தது. முன்பின் தெரியாத பெண் குரல்.

"பேர் விடுபடுற அப் வச்சிருக்கிறது நீங்கள்தானே?"

நவரத்தினத்துக்குச் சுருக்கென்றது. "அம்மா, அது ஒருதரம் நடந்த பிழை. இனி அப்பிடி வராது. நாங்கள் திருத்திப்போட்டம்."

"திருத்திப்போட்டியளோ" என்றது அந்தக் குரல். ஏமாற்றம் அப்படியே தெரிந்தது. "அப்ப பரவாயில்லை. நான் ஓசியிலயே எழுதுறன்."

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார் நவரத்தினம். "ஏன் கேக்கிறியள்?"

விசயம் மெல்ல மெல்ல வந்தது. அப்பா காலமாகிவிட்டார். ஜேர்மனியில் ஒரு அண்ணா. அப்பா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க ஒரு போன் எடுக்கவில்லை. அவர் பெயரைப் போட மனம் இல்லை. போடாமல் விட்டால், போன் எடுத்து ஏசுவார். இந்த நேரத்தில் பேச்சுக் கேட்க உடம்பில் தெம்பில்லை. மலர்ச்சாலையில் நடந்ததை ஒரு சினேகிதி சொன்னாளாம்.

"ஓசியில எழுதினா அண்ணா ஆரைப் பேசுவார்? அந்த ஏஐயையோ? என்னைத்தானே பேசுவார். உங்கட அப்பெண்டால் நீங்கள் இருக்கிறியள்" என்றாள் அந்தப் பெண்.

மனிசி கேட்ட கேள்விக்கு இத்தனை நாளாக அவருக்குத் தெரியாமல் இருந்த பதிலை, துக்க வீட்டில் இருந்து ஒரு பிறத்தி ஆள் எடுத்துச் சொல்கிறாள். சிரிப்பு வந்தது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டுச் செய்தேன் என்று கோபமும் வந்தது.

"பேருகளைச் சொல்லுங்கோ, பிள்ளை" என்றார். "அண்ணா எடுத்தால் என்ர நம்பரைக் குடுங்கோ."

காசு மேசையிலேயே வைத்து எழுதிக் கொடுத்தார். கடை பூட்டுகிற நேரம், வெளிநாட்டு நம்பர் ஒன்று அடித்தது. நவரத்தினம் எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், மறுபக்கம் பொரிந்து தள்ளியது. போனைக் காதிலிருந்து எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது. கடை முழுக்கக் கேட்டது. சவுந்தரநாயகம் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

ஜேர்மனிக்காரர் பேசிப் பேசி ஓய்ந்தார். பிறகு, குரல் ஒருமாதிரிப் போய், "தங்கச்சி என்ர பேரை விடச் சொன்னவளோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி" என்றார் நவரத்தினம். "அவ உங்கட பேரைத்தான் முதல்ல சொன்னவ. பிழை என்ர அப்பில."

"மெய்யாவோ?"

"மெய்."

பிறகு அந்த மனிதர் அழுகிற சத்தம் கேட்டது. தான் போன் எடுக்காதது பிழைதான் என்றார். எடுக்க வெட்கமாக இருந்தது, நாள் போகப்போக வெட்கம் கூடிக்கொண்டே போயிற்று என்றார். இதையெல்லாம் யாரோ முன்பின் தெரியாத ஹார்ட்வெயார் கடைக் கஷியரிடம் சொன்னார். நவரத்தினம் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வைத்ததும் நவரத்தினம் அந்தப் பெண்ணுக்கு எடுத்தார். "அண்ணா எடுத்தவர். நல்லாப் பேசினவர். பிறகு அழுதவர்" என்றார். "திருத்தி ஒருக்காப் போடலாம். போடட்டோ? உங்கட விருப்பம்."

"போடுங்கோ" என்றாள். "மூத்த ஆள் அவர்தானே. முதலாவதாப் போடுங்கோ."

நவரத்தினம் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிமிர்ந்தபோது சவுந்தரநாயகம் மேசைக்கு முன்னால் நின்றார். அன்றைக்குத்தான், சின்னம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு முதல்முறையாக, நேரே முகத்தைப் பார்த்தார்.

"குகநேசன் நேற்றும் எடுத்தவன்" என்றார். "சும்மாதான் எடுத்தவன். என்ன சாப்பாடு எண்டு கேட்டவன்."

நவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எழும்பும் மச்சான்" என்றார் சவுந்தரநாயகம். "இந்தக் கதிரையில இருக்க வேற ஆள் கிடைக்கும். உம்மட வேலைக்கு வேற ஆள் இல்லை."